கட்டியின் வகையை ஒளிரும் அன்ரிபொடியால் பார்ப்பது: ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஒரு கட்டியிலிருந்து வெட்டியெடுத்த இழையத் துண்டு புற்றுநோய்தானா என்று பார்க்க இன்றும் முதல் கருவி ஊதாவும் இளஞ்சிவப்புமான பழைய எச்.ஈ. (ஹீமற்றொக்சிலின், இயோசின்) சாயம்தான். பெரும்பாலான கட்டிகளை நோயியல் நிபுணர் அதிலேயே கண்டுபிடித்துவிடுவார். சிக்கல் மிச்சத்தில்தான். சில கட்டிகளில் கலங்கள் உருக்குலைந்து, எந்த இழையத்தில் பிறந்தவை என்ற அடையாளமே இல்லாமல் கிடக்கும். தோலில் தொடங்கியதா, நிணநீர்க் கணுவிலேயே தொடங்கியதா, நுரையீரலிலிருந்து வந்து இங்கே குடியேறியதா என்பதைச் சாயம் மட்டும் சொல்லாது. அந்த இடத்தில்தான் பிறபொருளெதிரி, அதாவது அன்ரிபொடி, கைகொடுக்கிறது.

விஷயம் எளிமையானது. ஒவ்வொரு வகைக் கலமும் தனக்கென்று சில புரதங்களை வைத்திருக்கும். புற்றுநோயாக மாறிய பிறகும் அவற்றில் பலவற்றை அது கைவிடுவதில்லை. அந்தப் புரதத்தை மட்டும் பிடிக்கிற அன்ரிபொடியில் ஒளிரும் சாயத்தை ஒட்டி இழையத்தில் விட்டால், புரதம் இருக்கிற இடம் இருட்டில் ஒளிரும். ஹார்வர்டில் அல்பேர்ட் கூன்ஸ் 1941இல் முதலில் செய்துகாட்டியது இதைத்தான். அவர் தேடியது கட்டியை அல்ல, நியுமோனியாக் கிருமியை. பிறகு 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே மாதிரியான அன்ரிபொடியை வேண்டிய அளவுக்கு உற்பத்தி செய்யும் வழியைக் கண்டார்கள். 1984இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று போத்தலில் வாங்குகிற பெரும்பாலான அன்ரிபொடிகள் அந்த வழியில் வந்தவை.

திருகோணமலையில் உள்ள கோணேசபுரி வளாகத்தில் படித்துவிட்டு ஆராய்ச்சிக்கு வருபவர்களையும், வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் பயிற்சிக்கு வருபவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். வைத்தியசாலைகளில் கட்டி வகையை உறுதிப்படுத்தும் அன்றாட வேலை கபில நிறம் தரும் நொதிய முறையில்தான் நடக்கிறது. அந்த ஸ்லைட் வருடக்கணக்கில் கெடாது, சாதாரண நுணுக்குக்காட்டியே போதும். ஒளிரும் முறை அன்றாடம் பயன்படுவது சிறுநீரக, தோல் பயொப்சிகளில். கட்டிகளில் அதன் பலம் வேறு: ஒரே வெட்டில் இரண்டு மூன்று புரதங்களை ஒரே நேரத்தில், எந்தக் கலத்தில் எது என்று பிரித்துப் பார்க்கலாம். பயொப்சி ஊசியில் வந்த நூல் போன்ற துண்டை ஐந்தாறு ஸ்லைட்டுக்குப் பிரித்துக்கொடுக்க முடியாதபோது இது பெரிய உதவி. ஆனால் நோயாளிக்குப் போகிற முடிவு நோயியல் நிபுணருடையது. இதைப் படித்துவிட்டு மாமாவின் ரிப்போர்ட்டைத் திருத்தக் கிளம்ப வேண்டாம்.

கேள்வியை முதலில் எழுதுங்கள்

புதிதாக வருபவர்கள் பிரிட்ஜைத் திறந்து எந்த அன்ரிபொடி இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். அது தலைகீழ். எச்.ஈ. ஸ்லைட்டை நிபுணரோடு உட்கார்ந்து பாருங்கள். "இது என்னென்னவாக இருக்கலாம்?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற இரண்டு மூன்று சாத்தியங்களையும் கொப்பியில் எழுதுங்கள். அந்தச் சாத்தியங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கக்கூடிய அன்ரிபொடிகள்தான் உங்களுக்குத் தேவை. ஒன்று ஒருபோதும் போதாது. குறைந்தது ஒன்று ஒளிர வேண்டும், இன்னொன்று ஒளிரக்கூடாது.

பெரிய குடும்பங்கள் நான்கு. மேலணிக் கலத்தில் பிறந்த காசினோமா என்றால் கெரற்றின் என்ற புரதம் இருக்கும். அதற்குப் பொதுவாகப் பயன்படுவது ஏஈ1/ஏஈ3 என்ற கலவை. நிணநீர்க் கலத்தில் பிறந்த லிம்போமா என்றால் சீடீ45. அது கிடைத்த பிறகு பி கலமா ரி கலமா என்று பிரிக்க சீடீ20, சீடீ3. நிறமிக் கலத்தில் பிறந்த மெலனோமா என்றால் எஸ்-100, சொக்ஸ்10, மெலன்-ஏ. தசை, எலும்பு, கொழுப்பு போன்றவற்றில் பிறந்த சார்கோமாவுக்கு விமன்ரின் என்று புத்தகத்தில் இருக்கும்; என்னைக் கேட்டால் விமன்ரினை நம்பி எந்த முடிவுக்கும் வரவேண்டாம். பல காசினோமாக்களும் மெலனோமாவும் அதைக் காட்டும். இழையத்தின் புரதங்கள் கெடாமல் பதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் அது நல்லது. தசை என்று சந்தேகித்தால் டெஸ்மினைத் தேடுங்கள்.

காசினோமா என்று தெரிந்த பிறகுதான் ருசியான பகுதி. செதிள் கல வகை என்றால் பி40 கருவில் ஒளிரும். நுரையீரலின் சுரப்பி வகை என்றால் ரிரிஎஃப்-1 கருவில் ஒளிரும். தைரொயிட்டிலும் அது ஒளிரும் என்பதை மறக்காதீர்கள். கெரற்றின் 7 இருந்து கெரற்றின் 20 இல்லையென்றால் நுரையீரல், மார்பகம் போன்றவற்றின் பக்கம் பார்வை திரும்பும். 20 இருந்து 7 இல்லையென்றால் பெருங்குடல். இவை விதி அல்ல, சாய்வு மட்டுமே. நரம்புச் சுரப்பி வகைக்குக் குரோமோகிரனினும் சினப்றோபிசினும்.

இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய், பெண்களிடம் மார்பகப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லுகிற ஊர் நமது. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் பாக்கும்கூட மனிதரில் புற்றுநோயை உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வகைப்படுத்திவிட்டது. ஆகவே கழுத்துக் கட்டி ஒன்று வந்து, கெரற்றினும் பி40உம் ஒளிர்ந்தால் நிபுணர் வாயையும் தொண்டையையும் பார்க்கச் சொல்வார் என்று எதிர்பார்க்கலாம்.

அன்ரிபொடியைச் சோடி சேர்ப்பது

வழக்கமான முறையில் இரண்டு அன்ரிபொடிகள் உண்டு. முதலாவது புரதத்தைப் பிடிக்கும், அதில் சாயம் இல்லை. இரண்டாவது முதலாவதைப் பிடிக்கும், சாயம் அதில்தான் இருக்கும். முதலாவது ஒன்றில் பல இரண்டாவதுகள் ஏறி உட்காருவதால் ஒளி கூடுகிறது.

ஒரே வெட்டில் இரண்டு புரதம் பார்க்க, இரண்டு முதலாவதும் வேறு வேறு விலங்கில் செய்ததாக இருக்க வேண்டும். ஏஈ1/ஏஈ3 சுண்டெலியில் செய்தது. அதோடு சீடீ45ஐச் சேர்ப்பதென்றால் முயலில் செய்த சீடீ45ஐ வாங்குங்கள். பிறகு, சுண்டெலியைப் பிடிக்கிற ஆட்டு அன்ரிபொடியில் பச்சை (அலெக்ஸா 488), முயலைப் பிடிக்கிற ஆட்டு அன்ரிபொடியில் சிவப்பு (அலெக்ஸா 594). கருவுக்கு டாபி என்ற நீலச் சாயம். இரண்டும் சுண்டெலியாக வாங்கிவிட்டால் இரண்டாவது அன்ரிபொடிக்கு எது எதுவென்று தெரியாது. எல்லாம் எல்லா நிறத்திலும் தெரியும். ஓடர் போடுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள். இந்தச் சின்னப் போத்தல்கள் மலிவல்ல.

தூர சிவப்புச் சாயமான 647ஐ வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாத மாதிரித்தான், கமெரா வேண்டும். கண்ணால் மட்டும் பார்க்கிற இயந்திரம் உள்ள இடத்தில் அது வீண்செலவு. காசநோய்க் கிருமியை ஓரமைன் சாயத்தில் பார்ப்பதற்கென்று வந்த எல்ஈடி நுணுக்குக்காட்டிகள் நீல ஒளியில் இயங்குபவை. அவற்றில் பச்சைச் சாயத்தை ஓரளவு பார்க்கலாம். டாபிக்கு ஊதா கடந்த ஒளி வேண்டும், ஆகவே கரு தெரியாது. பழகுவதற்கு அது போதும், படம் எடுப்பதற்குப் போதாது.

கொழும்பிலிருந்து சுமார் 260 கிலோமீற்றர் வழியில் அன்ரிபொடி ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் பொதியோடு வரும். வந்தவுடன் திறந்து, ஐஸ் பொதி இன்னும் குளிராக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, திகதி எழுதி, போத்தலில் சொன்ன வெப்பநிலையில் வையுங்கள். உறையவைக்கச் சொன்னதைச் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து உறையவையுங்கள். ஒரே போத்தலைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் அது செத்துப்போகும். சாயம் ஒட்டிய இரண்டாவது அன்ரிபொடி வெளிச்சத்தில் நிற்கக்கூடாது.

இழையம்

உங்கள் கைக்கு வருவது மெழுகில் பதித்த கட்டை. அதற்கு முன் நடந்ததில் உங்களுக்குப் பங்கில்லாவிட்டாலும் விசாரியுங்கள். போமலின் 10 வீத நடுநிலைத் தாங்கற் கரைசலாக, இழையத்தைப் போலப் பத்து மடங்காவது இருந்ததா? எத்தனை மணித்தியாலம் ஊறியது? மார்பக இழையத்துக்கு 6 முதல் 72 மணித்தியாலம் என்பது சர்வதேச வழிகாட்டல். வெள்ளிக்கிழமை பின்னேரம் போட்ட துண்டு, திங்கட்கிழமை போயா விடுமுறையும் சேர்ந்து செவ்வாய்க்கிழமை வெளியே வந்தால் அது அளவுக்கு மீறி ஊறிவிடும். போமலின் புரதங்களை ஒன்றோடொன்று பின்னி, அன்ரிபொடி பிடிக்க வேண்டிய இடத்தை மறைத்துவிடும். அப்படியான கட்டைக்கு அடுத்த படிகளில் சூட்டு நேரத்தைக் கூட்ட வேண்டிவரும்.

மனித இழையத்தை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவதென்றால் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி கையில் இருக்க வேண்டும். ஸ்லைட்டில் பெயர் இருக்கக்கூடாது, இலக்கம் மட்டும்.

வெட்டு 4 மைக்ரோன் தடிப்பு. நேரேற்றம் பூசிய ஸ்லைட்டில் எடுங்கள். சாதாரண ஸ்லைட்டில் எடுத்தால் சூடாக்கும்போது இழையம் கழன்று மிதக்கும். 60 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம் காயவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் நம் ஊர்க் காற்றே ஈரத்துணி. வெட்டுக்கு அடியில் நீர் மாட்டிக்கொண்டால் பிறகு கழுவும்போது அது மடிந்துபோகும். அந்த மாதங்களில் இரவு முழுக்க 37 பாகையில் வைத்துவிட்டு, காலையில் 60க்கு ஏற்றுவது நல்லது.

வேலை தொடங்கும் நாள்

மெழுகை எடுக்க சைலீனில் ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று தடவை. பிறகு எதனோல் 100, 95, 70 வீதம், கடைசியில் காய்ச்சி வடித்த நீர். சைலீன் வேலை புகை உறிஞ்சும் பெட்டிக்குள், கையுறையோடு. இந்த நிமிடத்திலிருந்து ஸ்லைட் மூடப்படும்வரை ஒருபோதும் காயக்கூடாது. இந்த ஒரு வரியைச் சுவரில் ஒட்டினால்கூடத் தப்பில்லை.

அடுத்தது சூடாக்கல். 1991இல் இது வந்த பிறகுதான் மெழுகுக் கட்டைகளில் அன்ரிபொடி வேலை உண்மையில் சாத்தியமானது. ஒரு லீற்றர் நீரில் 2.94 கிராம் சோடியம் சித்திரேற்று இருநீரேற்றைக் கரைத்து, பிஎச் 6.0க்குக் கொண்டுவந்து, 0.5 மில்லிலீற்றர் ட்வீன் 20 விடுங்கள். 95 பாகைக்கு மேல் 20 நிமிடம். விலையுயர்ந்த கருவி தேவையில்லை, றைஸ் குக்கர் நன்றாக வேலை செய்யும். ஆனால் அது சோறு சமைக்கிற குக்கராக இனி ஒருபோதும் இருக்கக்கூடாது, பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கருவில் இருக்கிற சில புரதங்களுக்கு பிஎச் 9.0 உள்ள ட்ரிஸ்-ஈடிரிஏ கரைசல் கூடுதல் பலன் தரும். அன்ரிபொடியோடு வரும் தாளில் எது என்று போட்டிருக்கும். சூடு முடிந்ததும் ஸ்லைட்டை வெளியே இழுக்காதீர்கள். அதே கரைசலில் அரை மணித்தியாலம் ஆறவிடுங்கள்.

கழுவுவதற்குப் பிபிஎஸ் என்ற பொசுபேற்றுத் தாங்கற் கரைசல். லீற்றருக்குச் சோடியம் குளோரைட்டு 8 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 0.2, இருசோடியம் பொசுபேற்று 1.44, பொற்றாசியம் இருஐதரசன் பொசுபேற்று 0.24, பிஎச் 7.4. காய்ச்சி வடித்த நீரிலேயே கரையுங்கள். கிணற்று நீரில் கல்சியம் இருக்கும். பொசுபேற்றோடு சேர்ந்து வெள்ளைத் துகளாகப் படிந்து ஸ்லைட்டில் நட்சத்திரம் மாதிரித் தெரியும்.

இழையத்தைச் சுற்றி நீர்விலக்கும் பேனாவால் வட்டம் போடுங்கள். பிறகு 5 வீத ஆட்டுச் சீரத்தை பிபிஎஸ்ஸில் கலந்து ஒரு மணித்தியாலம். இரண்டாவது அன்ரிபொடி ஆட்டில் செய்தது என்பதால்தான் ஆட்டுச் சீரம். அன்ரிபொடிகள் வேண்டாத இடத்தில் ஒட்டுவதை இது குறைக்கிறது. கலத்துக்குள் இருக்கிற புரதமென்றால் 0.1 முதல் 0.3 வீதம்வரை ட்ரைற்றன் என்ற அழுக்ககற்றியைச் சேர்ப்பதும் வழக்கம்.

இனி முதலாவது அன்ரிபொடி. கணக்கில் பலர் தடுமாறுகிறார்கள், ஒரு தடவை போட்டுப் பார்ப்போம். 1:200 ஐதாக்கல், பத்து ஸ்லைட், ஒவ்வொன்றுக்கும் 100 மைக்ரோலீற்றர். மொத்தம் 1000. பிப்பெட்டில் ஒட்டிப்போவதற்கு 100 கூட்டி 1100 என்று வையுங்கள். 1100ஐ 200ஆல் பிரித்தால் 5.5. ஆகவே 5.5 மைக்ரோலீற்றர் அன்ரிபொடி, மீதி 1094.5 தாங்கற் கரைசல். இரண்டு முதலாவது அன்ரிபொடிகளையும் ஒரே கலவையில் சேர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

4 பாகையில் இரவு முழுக்க. மூடியுள்ள பிளாஸ்டிக் லஞ்ச் பொக்ஸின் அடியில் நனைந்த ரிஷூ, அதன்மேல் இரண்டு குச்சி, குச்சியின் மேல் ஸ்லைட். மட்டமான தட்டில் வையுங்கள். பெட்டி சாய்ந்தால் துளி ஒரு பக்கம் ஓடி மற்றப் பக்கம் காயும். இரவில் கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறந்து பார்க்காதீர்கள். மூடியே இருந்தால் சில மணித்தியாலம் தாங்கும்.

மற்றப் படிகளெல்லாம் அறை வெப்பநிலையில்தானே என்று கேட்பீர்கள். வெளிநாட்டுச் செய்முறையில் "அறை வெப்பநிலை" என்றால் 20, 25 பாகை. வைகாசி மாதத்தில் ஏசி இல்லாத நம் அறை 32ஐத் தாண்டும். 100 மைக்ரோலீற்றர் துளி அந்தச் சூட்டில் ஓரத்திலிருந்து வற்றத் தொடங்கும். வற்றிய ஓரத்தில் அன்ரிபொடி செறிந்து, இழையத்தின் விளிம்பு முழுக்கப் பளீரென்று ஒளிரும். நடுவில் ஒன்றும் இராது. விளிம்பில் மட்டும் பொசிட்டிவ் என்று யாராவது சொன்னால் முதலில் அறையின் சூட்டைக் கேளுங்கள். ஏசி அறையில் செய்யுங்கள், அது இல்லாவிட்டால் இரண்டாவது அன்ரிபொடியையும் ஈரப்பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

அடுத்த நாள் பிபிஎஸ்ஸில் ஐந்து நிமிடமாக மூன்று தடவை கழுவி, இரண்டாவது அன்ரிபொடி 1:500இல் ஒரு மணித்தியாலம், இருட்டில். அலுமினியத் தாளால் பெட்டியைச் சுற்றினால் போதும். திரும்ப மூன்று தடவை கழுவல். 70 வீத எதனோலில் கரைத்த 0.1 வீதச் சூடான் பிளாக்கில் பத்து நிமிடம் வைத்து நன்றாகக் கழுவினால் இழையத்தின் சொந்த ஒளிர்வு அடங்கும். இந்தப் படிக்குப் பிறகு ட்ரைற்றன், ட்வீன் எதையும் தொடவேண்டாம், சாயம் கழன்றுவிடும். டாபி மில்லிலீற்றருக்கு 1 மைக்ரோகிராம், ஐந்து நிமிடம். மங்காமல் காக்கும் ஊடகத்தில் ஒரு துளி, கவர்சிலிப், ஓரத்துக்குக் கியூட்டெக்ஸ். நிறமில்லாத கியூட்டெக்ஸ் வாங்குங்கள், மினுக்குத் துகள் உள்ளதை வாங்கினால் அதுவும் ஒளிரும்.

கட்டுப்பாட்டு ஸ்லைட்கள் இல்லாமல் நுணுக்குக்காட்டிக்குப் போகாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஒளிர்வது எல்லாம் அன்ரிபொடி அல்ல. செங்குருதிக் கலம் தானாக ஒளிரும். கொலாஜன், இலாஸ்ரின், வயதான கலங்களில் சேர்கிற லிப்போபியூசின், போமலினில் ஊறிய இழையம், எல்லாம் ஒளிரும். திருகோணமலை ரவுனில் மான்கள் நிற்பதைப் போல, யாரும் கூப்பிடாமலே அங்கே நிற்கும் ஒளி அது. அதை உங்கள் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடக்கூடாது.

ஒவ்வொரு தடவையும் குறைந்தது மூன்று ஸ்லைட் கூடுதலாகச் செய்யுங்கள். முதலாவது, எந்த அன்ரிபொடியும் விடாத வெட்டு. இழையத்தின் சொந்த ஒளிர்வு அதில் தெரியும். இரண்டாவது, முதலாவது அன்ரிபொடி இல்லாமல் இரண்டாவதை மட்டும் விட்ட வெட்டு. இரண்டாவது தானாக எங்கே ஒட்டுகிறது என்று தெரியும். நெகட்டிவ் ஸ்லைட் என்று சொல்வது இதைத்தான். மூன்றாவது, கட்டாயம் ஒளிர வேண்டிய இழையம். அதற்கு ரொன்சிலை விட நல்லது இல்லை. மேற்பரப்பில் கெரற்றின், உருண்டைக் கூட்டங்களில் சீடீ20, அவற்றுக்கு இடையில் சீடீ3, எங்கும் சீடீ45, பிரிகிற கலங்கள் நெருங்கிய மையத்தில் கேஐ-67. ஒரே துண்டில் பொசிட்டிவும் நெகட்டிவும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும். மெலன்-ஏக்கு ரொன்சில் போதாது, தோல் துண்டு வேண்டும்.

போன வருடம் பயிற்சிக்கு வந்த ஒரு தங்கச்சி ஓடிவந்து, "அண்ணா, எல்லாமே பச்சையா மின்னுது, பொசிட்டிவ்தானே?" என்றார். "எல்லாமே மின்னினா ஒண்டும் மின்னேல்ல எண்டு அர்த்தம். நெகட்டிவ் ஸ்லைட்ட வையும் பாப்பம்" என்றேன். வைத்தோம். அதுவும் அதே அளவுக்கு மின்னியது. சீரத்தில் ஊறவைக்கும் படியை அவசரத்தில் விட்டிருந்தார்.

பார்க்கும் ஒழுங்கு

முதலில் டாபியில் கருவைக் குவியப்படுத்துங்கள். 10 மடங்கில் முழு வெட்டையும் சுற்றிப் பார்த்து, இழையம் மடிந்த இடம், செத்த இடம், குருதி தேங்கிய இடம் எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்களில் படம் எடுக்க மாட்டோம். பிறகு 40 மடங்கு.

கமெராவின் வெளிச்ச நேரத்தை நெகட்டிவ் ஸ்லைட்டில் தீர்மானியுங்கள்: நெகட்டிவ் கறுப்பாகத் தெரிகிற, பொசிட்டிவ் வெடித்து வெள்ளையாகிவிடாத நேரம். அதற்குப் பிறகு அந்த எண்ணை ஒரு ஸ்லைட்டுக்கும் மாற்றக்கூடாது. நெகட்டிவுக்கு 100 மில்லிசெக்கனும் கட்டிக்கு 800உம் வைத்து எடுத்த படம் பொய்ப் படம். பார்க்காத நேரத்தில் ஒளியை மூடிவையுங்கள், திறந்தே இருந்தால் சாயம் வெளிறும்.

ஒளிர்கிற இடத்தைச் சந்தேகித்தால் மற்ற நிறத்துக்கு மாற்றிப் பாருங்கள். உண்மையான பச்சை சிவப்பில் தெரியாது. பச்சையிலும் சிவப்பிலும் ஒரே வடிவில் தெரிவது பெரும்பாலும் செங்குருதிக் கலமோ லிப்போபியூசினோதான்.

பிறகு, எங்கே ஒளிர்கிறது? பளபளப்பின் அளவை விட இது முக்கியம். கெரற்றினும் டெஸ்மினும் குழியவுருவில் இழை இழையாக இருக்க வேண்டும். சீடீ45, சீடீ20, மார்பகக் கட்டிகளில் தேடும் ஹேர்2 ஆகியவை கலத்தைச் சுற்றி மெல்லிய வளையமாக. பி40, ரிரிஎஃப்-1, சொக்ஸ்10, கேஐ-67, ஈஸ்ரஜன் வாங்கி (ரிசெப்ரர்) ஆகியவை கருவில், டாபியோடு சரியாகப் பொருந்தி. குரோமோகிரனின் குழியவுருவில் மணி மணியாக. பி40 குழியவுருவில் மட்டும் ஒளிர்ந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை பொசிட்டிவ் என்று எழுதாதீர்கள்.

கழுத்துக் கணு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எச்.ஈ.யில் பெரிய, அடையாளமற்ற கலங்கள் கூட்டமாக. சாத்தியங்கள்: எங்கிருந்தோ பரவிய காசினோமா, லிம்போமா, மெலனோமா. ஒரு வெட்டில் கெரற்றின் பச்சை, சீடீ45 சிவப்பு. அடுத்த வெட்டில் சொக்ஸ்10.

பெரிய கலங்களில் பச்சை இழை, சுற்றியிருக்கும் சின்ன நிணநீர்க் கலங்களில் சிவப்பு வளையம் என்றால் காசினோமாவின் பக்கம். அடுத்த வெட்டுகளில் பி40, ரிரிஎஃப்-1, கெரற்றின் 7, 20. பெரிய கலங்களிலேயே சிவப்பு வளையம், பச்சை இல்லை என்றால் லிம்போமாவின் பக்கம். சீடீ20, சீடீ3க்குப் போங்கள். இரண்டும் இல்லை, சொக்ஸ்10 கருவில் ஒளிர்கிறது என்றால் மெலன்-ஏ போட்டு மெலனோமாவைப் பாருங்கள். நரம்புறைக் கட்டிகளும் சொக்ஸ்10 காட்டும் என்பதால் அதோடு நிறுத்த முடியாது.

எதுவும் ஒளிரவில்லை என்றால்? சுற்றியிருக்கும் சின்ன நிணநீர்க் கலங்களைப் பாருங்கள். அவற்றில் சிவப்பு வளையம் இருந்தால் உங்கள் வேலை சரி, கட்டிதான் உண்மையில் அவற்றைக் காட்டவில்லை. அவற்றிலும் இல்லையென்றால் சாயமேற்றல் பிழைத்துவிட்டது. கட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத முடியாது. நோயாளியின் இழையத்துக்குள்ளேயே இப்படி ஒரு சாட்சி இருக்கும்போது அதைக் கேட்காமல் விடுவது மடத்தனம்.

விதிவிலக்குகளும் உண்டு. சைனோவியல் சார்கோமாவில் கெரற்றின் தெரியும். வழமையான வகை ஹொட்ஜ்கின் லிம்போமாவின் பெரிய கலங்களில் சீடீ45 தெரியாது. அங்கே சீடீ30, சீடீ15. சிறு பிள்ளைகளின் சின்ன வட்டக் கலக் கட்டிகள் தனி உலகம், அவற்றை நிபுணர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள். ஹேர்2 விஷயத்தில் ரிப்போர்ட்டில் காணும் "ஃபிஷ்" சோதனையும் ஒளிரும் சோதனைதான், ஆனால் அது அன்ரிபொடி அல்ல. டிஎன்ஏயில் ஒட்டும் துண்டு. அன்ரிபொடிச் சோதனை 2+ என்று நடுவில் நின்றால் அதற்கு அனுப்புவார்கள்.

படம், கொப்பி

மூலப் படத்தை ரிஃப் கோப்பாக வையுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி படம் அல்ல. அளவுக்கோடு, லென்ஸ், வெளிச்ச நேரம் மூன்றும் படத்தோடு இருக்க வேண்டும். பச்சை சிவப்பைப் பிரித்தறிய முடியாதவர்கள் நம் அறையிலேயே இருப்பார்கள். சிவப்புக்குப் பதிலாக மஜென்ராவைப் போட்டால் எல்லாருக்கும் தெரியும்.

ஸ்லைட்டை 4 பாகையில் இருட்டில் வைத்து, ஒரு கிழமைக்குள் படம் எடுத்து முடியுங்கள். கொப்பியில் அன்ரிபொடியின் குளோன், லொட் இலக்கம், ஐதாக்கல், சூடாக்கிய கரைசலின் பிஎச், அன்றைய அறை வெப்பநிலை எல்லாம் இருக்க வேண்டும். முடிவை எழுதும்போது "கெரற்றின் பொசிட்டிவ்" என்று நிறுத்தாமல், "கட்டிக் கலங்களின் குழியவுருவில் கெரற்றின்; நிணநீர்க் கலங்களில் இல்லை; நெகட்டிவ் கட்டுப்பாடு கறுப்பு" என்று எழுதுங்கள். புதிய லொட் வந்தால் ரொன்சில் துண்டில் 1:100, 1:200, 1:400 மூன்றையும் போட்டுப் பார்த்து, பின்னணி கறுப்பாகவும் ஒளி தெளிவாகவும் இருக்கிற ஐதாக்கலைத் தெரிவுசெய்த பிறகுதான் நோயாளியின் இழையத்தில் அதை விட வேண்டும்.